கணக்கில் வராத சந்தோஷம்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நீங்க இன்ஜினீயர், தொழில்நுட்பம் பத்திப் பேசுங்க. இல்லேன்னா மனசுக்குப் பட்டதைப் பேசுங்க' என்று செயலாளர் சொன்னார். தொழில்நுட்பத்தில் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆகவே இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு சின்ன உதவி செய்கிறோம். வழி காட்டுகிறோம், பையைத் தூக்கிக் கொடுக்கிறோம், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறோம். செய்து முடித்ததும் மனதில் ஒரு சந்தோஷம் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? இதைத்தான் பேசப் போகிறேன். நான் கிறிஸ்தவன். ஆகவே என் விசுவாசத்தின் பாஷையில்தான் எனக்குப் பேசத் தெரியும். இங்கே பல மதத்தாரும் இருக்கிறீர்கள், மதமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறீர்கள். யாரையும் மாற்ற நான் வரவில்லை. எங்கள் வீட்டுச் சமையலை இலையில் வைக்கிறேன். பிடித்ததைச் சாப்பிடுங்கள், பிடிக்காததை ஓரமாக ஒதுக்கி வையுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம்ம ஊர்த் தெரு

நான் ஆரணியில் நெசவாளர் தெருவில் வளர்ந்தவன். அப்பா கூலிக்கு நெய்தவர். அம்மா வாசலில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவார். ஆரணிப் பட்டைப் பற்றி ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து இங்கே படிக்கிற தம்பி தங்கைகளுக்காக மட்டும் ஒரு வார்த்தை.

கர்நாடகத்தில் ராமநகரம் பக்கம் பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போட்டு நூல் எடுக்கிறார்கள். சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. இங்கே சாயம் ஏற்றி, பாவு போட்டு, குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்து நெய்கிறார்கள். நெய்த புடவை கடைக்குப் போய், எங்கோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. நூல் எடுத்தவருக்கு நெய்தவரைத் தெரியாது. நெய்தவருக்கு உடுத்துகிறவரைத் தெரியாது. ஒரு புடவைக்குள் இத்தனை அந்நியர்கள் சேர்ந்து இருக்கிறார்கள்.

நெய்யும்போது பாவில் ஒரே ஒரு இழை அறுந்தாலும் அப்பா தறியை நிறுத்திவிடுவார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, அச்சில் மறுபடி கோத்த பிறகுதான் நாடா ஓடும். கூலி புடவைக்குத்தானே தவிர, முடிச்சுக்குத் தனியாகக் கூலி கிடையாது. சிறுபிள்ளையாக இருந்தபோது கேட்டேன்: 'ஒரு இழை போனா யாருக்குப்பா தெரியப் போவுது?' அப்பா தலை நிமிராமல் சொன்னார்: 'கட்டிக்கிறவங்களுக்குத் தெரியாதுதான். அதனாலதான்டா நாம பாத்துக்கணும்.'

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். சைக்கிளில் வருகிறவர் யாரும் சொல்லாமலே இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். பால்காரராக இருக்கலாம், வெளியூர்க்காரராக இருக்கலாம். பாவு யாருடையது என்று அவர் கேட்டதில்லை. பாவுக்காரரும் நன்றி சொன்னதில்லை. தலையை லேசாக அசைப்பார், அவ்வளவுதான். இப்போது யோசித்தால், கிறிஸ்தவ வேதம் சொல்கிற ஒரு பெரிய விஷயத்தை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே இந்தத் தெருவில் நான் பார்த்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

விருந்து என்றால் யார்?

விருந்து என்ற சொல்லை இன்று நாம் சாப்பாட்டுக்குச் சொல்கிறோம். பழைய தமிழில் விருந்து என்றால் புதுமை, புதிதாக வந்தவர். மாமன் மச்சான் வந்தால் அவர்கள் உறவினர். முகம் தெரியாதவர் வந்தால்தான் விருந்து. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு தனி அதிகாரமே கொடுத்திருக்கிறார்.

புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது கிரேக்க மொழியில். அதில் உபசரிப்புக்கு வருகிற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'அந்நியர் மேல் அன்பு' என்றுதான் பொருள் வரும். இதை எங்கள் ஆயர் ஒருமுறை விளக்கினார். அதே மொழியில் மகிழ்ச்சிக்கு 'காரா', கிருபைக்கு 'காரிஸ்'. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. கிருபை என்றால் நாம் சம்பாதிக்காமல் நமக்குக் கிடைப்பது. அப்படியானால் கிறிஸ்தவம் சொல்கிற சந்தோஷமும் சம்பாதித்துப் பெறுகிற ஒன்று இல்லை என்று ஆகிறது. இதை நான் பல நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

மழையில் ஒரு தீ

வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. அதை அதிகம் பேர் பிரசங்கிப்பதில்லை. கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுல், கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். புயலில் கப்பல் உடைகிறது. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். எல்லோரும் நீந்தியும், பலகையைப் பிடித்துக்கொண்டும் ஒரு தீவில் கரை ஏறுகிறார்கள். அந்தத் தீவு மெலித்தா, இன்றைய மால்டா. மழை பெய்கிறது, குளிர் அடிக்கிறது. தீவுக்காரர்கள் இவர்களை யார், எவர் என்று கேட்கவில்லை. தீ மூட்டி, எல்லோரையும் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, உதவி செய்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. உதவி பெற்றவர்களில்தான் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். எழுதிய லூக்கா அதை மறைக்கவில்லை. சாதாரண அன்பு இல்லை, அபூர்வமான அன்பு என்ற பொருளில் மனம் திறந்து எழுதிவைத்திருக்கிறார். ஆகவே, தயவு எங்கள் சொத்து என்று நாங்கள் யாரும் மார்தட்ட முடியாது.

இரண்டாவது, பவுல் சும்மா உட்கார்ந்து குளிர்காயவில்லை. எழுந்துபோய்ச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து தீயில் போடுகிறார். அந்தச் சுள்ளிக் கட்டிலிருந்துதான் ஒரு விஷப்பாம்பு வந்து அவர் கையைக் கவ்வியது என்று கதை மேலே போகிறது. எல்லோருக்கும் பாம்புதான் ஞாபகம் இருக்கும். எனக்கு அந்தச் சுள்ளிதான் ஞாபகம். உயிர் பிழைத்துக் கரை ஏறிய கைதி, ஈரத் துணியோடு, அந்நியர் மூட்டிய தீக்கு விறகு சேர்க்கிறார். அந்த நேரத்தில் அங்கே கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று பிரிக்க முடியாமல் போய்விடுகிறது.

'எப்போது செய்தோம்?'

மத்தேயு 25-ம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் நியாயத்தீர்ப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், நோயாளியை விசாரித்தது. இவையெல்லாம் எனக்கே செய்தவை என்று ராஜா சொல்கிறார். வழக்கமாகப் பிரசங்கத்தை இதோடு முடித்துவிடுவார்கள். அதற்கு அந்த நல்லவர்கள் சொல்லும் பதிலைப் பாருங்கள். அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நாங்கள் எப்போது உமக்குச் செய்தோம் என்று கேட்கிறார்கள்.

இது அடக்கத்தால் சொன்ன பதில் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை. யார் மூலம் யாரைச் சேர்ந்தோம் என்பது தெரியாமலே செய்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததை யாராவது டைரியில் எழுதி வைப்பார்களா?

நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். தெரிந்தவருக்குச் செய்கிற உதவியில், நாம் விரும்பாவிட்டாலும், ஒரு கணக்கு ஓடுகிறது. கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி. அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் 500 எழுதினால், நம் வீட்டு விசேஷத்தில் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். அதில் தப்பு இல்லை, ஊர் வாழ்க்கை அப்படித்தான் நடக்கிறது. ஆனால் காட்பாடி ஸ்டேஷனில் பெட்டி தூக்கி ஏற்றிவிட்ட கிழவரை நாம் மறுபடி பார்க்கப் போவதில்லை. அவர் நமக்குத் திருப்பித் தர முடியாது. நம் புகழை நம் தெருவில் வந்து சொல்லவும் முடியாது. கணக்கு அங்கேயே மூடிவிடுகிறது. மூடிய அந்த இடத்தில்தான் சந்தோஷம் பிறக்கிறது. ஏனென்றால் அந்த ஒரு நிமிஷத்துக்கு, கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற கடவுளின் பழக்கத்தில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. இதைக் கிறிஸ்தவர்கள் கிருபை என்கிறோம்.

மரத்தடியில் ஒரு டாக்டரம்மா

இதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டாம். அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853-ல் ஆரம்பமானது. அந்த மிஷன் வேலை செய்த ஊர்களில் நம் ஆரணியும் ஒன்று. அந்த மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தில், 1870 டிசம்பர் 9-ம் தேதி, பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர்.

திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ வரும்படி அந்த இளம் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவர் அப்பாவை அழைத்துப் போகவோ, ஆண் மருத்துவர் என்பதால் அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் பிறகு அவர் அமெரிக்கா போய், 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை கொண்ட ஷெல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்து இன்றைய சி.எம்.சி. ஆனது.

பெரிய மருத்துவமனையைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். என் மனதில் நிற்பது வேறு. 20-ம் நூற்றாண்டின் ஆரம்ப ஆண்டுகளிலேயே அவர் வாரம் தவறாமல் வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற பாதையில் வைத்தியத்துக்குப் போனார். பிறகு அதற்கு ஒரு சின்ன பெஜோ மோட்டார் காரும் வந்தது. வழியில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். இறங்கிப் புண்ணைக் கழுவி, கண்ணில் மருந்து விட்டு, கட்டுப் போட்டுவிட்டு அடுத்த மரத்தடிக்குப் போவார். கல்வெட்டில் பொறிக்கிற வேலை இல்லை இது. யார் காலில் இருந்த புண், எந்த ஊர்க் குழந்தையின் கண் என்று இன்று யாருக்கும் தெரியாது. அவர் ஒன்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தியாகம் செய்தவர் இல்லை. வயதான பிறகும் டென்னிஸ் மட்டையை விடாதவர். 1960-ல் கொடைக்கானலில் காலமானார். மரத்தடிப் பயணம் அவரை வற்றவைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

விசை வகுத்தல் பரப்பு

நம்மைப் போன்ற இன்ஜினீயர்களுக்கு நெருக்கமான இன்னொருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் இங்கிலாந்தில் கட்டட வேலை, தச்சு வேலை கற்றவர். 1946-ல் வேலூருக்கு வந்தார். பின்னாளில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை அமைந்தபோது அதற்கும் துணையாக இருந்தார்.

தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் கூர்ந்து பார்த்தார்கள். நரம்பு மரத்துப்போகிறது, வலி தெரியவில்லை, வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். புண் அப்படித்தான் வருகிறது. காலில் வருவதற்கு முக்கியக் காரணம் அழுத்தம். அழுத்தம் என்றால் விசை வகுத்தல் பரப்பு. முதல் வருஷத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணிய சூத்திரம்தான், சார்! மைக்ரோசெல்லுலர் ரப்பரில் மெத்தென்ற செருப்புச் செய்து, உடம்பின் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பாதம் முழுவதும் பரவும்படி செய்தார்கள். ஒரு செருப்பு எத்தனையோ பேரின் காலைக் காப்பாற்றியது.

அவர் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரு இளைஞனைப் பரிசோதித்துவிட்டு, சிகிச்சையை விளக்கிக்கொண்டே அவன் தோளில் கையை வைத்தார். அவன் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டான். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று டாக்டருக்குப் பயம். உதவியாளர் விசாரித்துச் சொன்னார்: இத்தனை வருஷமாக இவனை யாரும் தொட்டதே இல்லையாம், அதனால் அழுகிறான்.

அறுவை சிகிச்சைக்குப் பல மணி நேரம் வேண்டும். செருப்புக்கு ஆராய்ச்சி வேண்டும். தோளில் கை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கையைப் பற்றி டாக்டருக்கு நினைப்பே இல்லை. எப்போது செய்தோம் என்று கேட்கிறவர்களின் வரிசையில் அவரும் நிற்பார் என்று நினைக்கிறேன்.

அம்மாவும் ஒரு அந்நியப் பெண்ணும்

இனி என் வீட்டு விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் வேலூரில் ஒரு மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். வேலூரை உங்களுக்குத் தெரியும். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். கடைப் பலகைகளில்கூட வங்காள எழுத்து இருக்கும். ஒருநாள் வராந்தாவில் உட்கார இடம் இல்லை. அம்மாவுக்கு நிற்க முடியவில்லை. ஜார்க்கண்டிலிருந்து ஒரு பெண், மடியில் நோயாளிப் பையனோடு உட்கார்ந்திருந்தார். அவரே எழுந்து அம்மாவை உட்காரவைத்தார். கையிலிருந்த பைலால் விசிறினார். பிறகு எங்கோ போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா பையைத் திறந்து, எங்களுக்குக் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றில் பாதியைப் பையனுக்குக் கொடுத்தார். புளிச்சோற்றை அந்தப் பையன் முதல்முறை பார்த்திருப்பான் போலிருக்கிறது. முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இரண்டு பெண்களும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ரிப்போர்ட்டில் என்ன வரப்போகிறதோ என்று கலங்கி நின்ற எனக்கு, 'என்ன இப்படிச் சிரிக்கிறாங்க?' என்று இருந்தது. அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள், போனார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்த வருஷ முடிவில் அம்மா இறந்துபோனார். கடைசி மாதங்களில் ராத்திரி ஜெபத்தில் எங்கள் பெயர்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, 'அந்தப் பொண்ணோட புள்ளைக்கும் சொஸ்தம் குடுங்க சாமி' என்பார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அந்த நேரத்தில் மட்டும் அம்மா தன் நோயை மறந்து, இன்னொருவருக்காகக் கவலைப்படுகிற பழைய அம்மாவாக இருந்தார். கிறிஸ்தவ சந்தோஷம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், வலி இல்லாமல் இருப்பது என்று நான் சொல்ல மாட்டேன். பவுல் சந்தோஷத்தைப் பற்றி அதிகம் எழுதிய பிலிப்பியர் நிருபத்தை ஒரு கைதியாக இருந்தபடிதான் எழுதினார். அம்மாவின் அந்த ஜெபத்தில் வலியும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்.

மூன்று கேள்விகள்

இப்படிப் பேசினால் நண்பர்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள்.

முதல் கேள்வி: 'ஏமாத்துறவன் நிறைய இருக்கானே?' இருக்கிறான், மறுக்கவில்லை. அதற்குத்தான் சின்ன உதவி என்கிறேன். பத்து ரூபாயில் ஏமாந்தால் நம் குடும்பம் கவிழ்ந்துவிடாது. வழி சொல்வதில் ஏமாற என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்வி: 'டீ வாங்கிக் கொடுத்தா நாட்டுப் பிரச்சினை தீருமா?' தீராது. நெய்கிறவனுக்குச் சரியான கூலி கொடுக்காமல் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தால் அதைத் தயவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் கட்டினதோடு அவன் நிற்கவில்லை. சத்திரக்காரனுக்கு இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்கிறான். கொடுக்கவேண்டிய கணக்கைப் பைசா பாக்கி இல்லாமல் கொடுக்கவேண்டும். கணக்குப் பார்க்கக் கூடாதது, நமக்கு வரவேண்டியதில்தான்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது: 'சந்தோஷம் கிடைக்கும்னு உதவி செஞ்சா அதுவும் சுயநலம்தானே?' நியாயமான கேள்வி. சந்தோஷத்தைத் தேடிக்கொண்டு உதவி செய்யப் போனால் அது கிடைப்பதில்லை என்பது என் அனுபவம். கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் மறுபடி மொய்நோட்டு திறந்துவிடுகிறது. எதிரில் நிற்கிறவரை மட்டும் பார்த்துச் செய்தால், சந்தோஷம் தானாகப் பின்னாலேயே வந்து நிற்கிறது. திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

தம்பி தங்கைகளுக்கு

கடைசியாக, இப்போது படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்காக சென்னை, பெங்களூர், புனே என்று போகப் போகிறீர்கள். சிலர் ஜெர்மனிக்கும் போவீர்கள். அங்கே நீங்கள்தான் அந்நியர். பாஷை தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் பையோடு நிற்கும்போது ஒருவர் நின்று, கையைக் காட்டி வழி சொன்னால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் புரியும்.

அதே பையோடு இங்கே வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023 மார்ச் மாதம், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. தமிழக அரசு மறுத்தது. பீகாரிலிருந்து ஒரு குழு வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனது. ஆனாலும் அந்த நாட்களில் எத்தனை பேர் பயந்து போனார்கள்! ஒரு பொய் அவ்வளவு சுலபமாக நம்பப்படுகிறது என்றால், அந்நியர் மனதில் நம்மைப் பற்றிய நம்பிக்கை அவ்வளவு மெல்லிய இழையாக இருக்கிறது என்று அர்த்தம். அறுந்த இழையை அறிக்கையால் மட்டும் முடிச்சுப் போட முடியாது. டீக்கடையில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டால், மருந்துக்கடையில் ஒருவர் சீட்டைப் படித்து எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்று விரலை மடக்கிக் காட்டினால், அதுவே முடிச்சு.

ஆகவே ஒரு சின்ன வேலை கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஆரணியிலிருந்து வேலூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாதம் ஒருமுறையாவது நம்மில் யாராவது போகிறோம். இரண்டு வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியில் 'கஹா ஜானா ஹை?' வங்காளியில் 'கோத்தாய் ஜாபேன்?' இரண்டுக்கும் 'எங்கே போகணும்?' என்றுதான் அர்த்தம். உச்சரிப்புத் தப்பானால் அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மருத்துவமனை வாசலில் ஒரு மனிதர் சிரித்தால் அதுவே பெரிய விஷயம். கைப்பிள்ளையோடும் கையில் பைலோடும் திகைத்து நிற்கிறவரிடம் அதைக் கேளுங்கள். தெரிந்த இடமாக இருந்தால் நாலு எட்டு கூட நடந்து காட்டிவிட்டு, உங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல வேண்டாம். மறந்துவிடுங்கள். என்றைக்காவது யாராவது அதை ஞாபகப்படுத்தினால், எப்போது செய்தோம் என்று நீங்களும் கேட்கும்படி இருக்கட்டும்.